ஸ்ப்ரிங் வந்தா ஏன் ரோடு உடையுது? சஸ்காச்சுவான் கிராமத்து ஹைவே பத்தி ஒரு எளிய அறிமுகம்

கனடான்னாலே பனி, பனின்னாலே ரோடு கெட்டுப் போகும், இப்டித்தான் நம்மள்ல நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கோம். ஆனா சஸ்காச்சுவான்ல தானிய லாரி ஓட்டுறவங்களைக் கேட்டா அப்டியே தலைகீழா சொல்வாங்க. ஜனவரில மைனஸ் 30 அடிக்கும்போது கிராமத்து ஹைவே மேல நல்லா லோடு ஏத்திட்டு போலாம், ரோடு அசையாது, தொல்லையெல்லாம் ஏப்ரல்லதான். வெயில் வந்து பனி உருகி, மனுஷன் ஜாக்கெட்டைக் கழட்டி மாட்டுற நேரம் பாத்து ரோடு காலை வாரி விட்ரும். கவர்மென்ட்டே இதை ஒத்துக்கிட்ட மாதிரிதான் நடந்துக்குது, குளிர்காலத்துல லாரிக்கு கூடுதல் எடை அலவ் பண்ணும், ஸ்ப்ரிங், அதாவது பனி உருகுற வசந்த காலம் வந்ததும் எடையைக் குறைச்சு ஆர்டர் போடும். ஏன் இப்டின்னு புரிஞ்சுட்டா இந்த ஊரு ரோடு பராமரிப்புல முக்கால்வாசி புரிஞ்சுரும், மிச்சம் எல்லாம் அதோட வால்தான்.

முதல்ல இடத்தைப் பத்தி கொஞ்சம். ப்ரெய்ரின்னு சொல்றது கனடாவோட மேற்குப் பக்க சமவெளி. அல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபான்னு மூணு மாகாணம். அதுல நடுவுல இருக்கிறது சஸ்காச்சுவான், பரப்பு ஆறரை லட்சம் சதுர கிமீ, ஜனத்தொகை 2021 கணக்குப்படி வெறும் 11 லட்சத்து சொச்சம், அதுலயும் கிட்டத்தட்ட பாதி பேர் ரெஜைனா, சஸ்கட்டூன்னு ரெண்டு சிட்டிலயும் அதைச் சுத்தியும் இருக்காங்க. மிச்சம் இருக்கிற ஜனம் அவ்ளோ பெரிய இடத்துல சிதறிக் கிடக்குது. மாகாண அரசு கையில இருக்கிற ஹைவே மட்டும் சுமார் 26,000 கிமீ. அது போக கிராம நிர்வாகங்க பாத்துக்கிற ரோடு இதைவிட பல மடங்கு. வரி கட்ட ஆள் கம்மி, ரோடு நீளம் ஜாஸ்தி, இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி எல்லா சண்டையும் இங்கதான் வந்து நிக்கும்.

இவ்ளோ ரோடு எதுக்குன்னு கேட்டா அதுக்கு பதில் 1870-கள்ல இருக்கு. 1871-ல சர்வே ஆரம்பிச்சு இந்த சமவெளி முழுக்க கட்டம் போட்டு அளந்தாங்க. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு கட்டம், அதுக்கு செக்‌ஷன்னு பேரு, 640 ஏக்கர். அதுல கால் பங்கு 160 ஏக்கர், 10 டாலர் ஃபீஸ் கட்டி குடியேறி உழுது வீடு கட்டினா அந்த நிலம் உனக்குன்னு 1872 சட்டம் சொல்லுச்சு (அந்த நிலத்துல அதுக்கு முன்னாடியே பழங்குடி மக்கள் வாழ்ந்துட்டு இருந்தாங்கங்கிறது தனிக் கதை, அதை ஒரு வரில முடிக்க முடியாது). கட்டம் போடும்போதே ரோட்டுக்கும் இடம் விட்டுட்டாங்க. சஸ்காச்சுவான்ல பெரும்பாலும் வடக்கு தெற்கா ஒவ்வொரு மைலுக்கும் ஒண்ணு, கிழக்கு மேற்கா ரெண்டு மைலுக்கு ஒண்ணு, அகலம் 66 அடி. அதனாலதான் மேப்ல பாத்தா மாகாணத்தோட தெற்குப் பாதி ஸ்கேல் வச்சு கோடு கிழிச்ச மாதிரி இருக்கு, உள்ளூர்ல இதுக்கு கிரிட் ரோடுன்னே பேரு.

இதுல ஒரு சின்ன வேடிக்கை இருக்கு. பூமி உருண்டை, அதனால வடக்கே போகப் போக தீர்க்கக் கோடெல்லாம் நெருங்கிட்டே வரும், சதுரக் கட்டம் அதுக்கு ஒத்து வராது. அந்த வித்தியாசத்தை சரிபண்ண 24 மைலுக்கு ஒரு தடவை கட்டத்தை கொஞ்சம் நகர்த்தி வச்சிருக்காங்க. ஆள் அரவமே இல்லாத வெட்டவெளில நேரா போயிட்டு இருக்கிற ரோடு, மலையும் இல்லாம ஆறும் இல்லாம திடீர்னு ஒரு முட்டு முட்டி பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போய் மறுபடி வடக்கே திரும்பும். புதுசா ஓட்டுறவங்க ராத்திரில அங்க நேரா வயலுக்குள்ள இறங்குறது உண்டு.

சரி, ரோட்டுக்கு வருவோம். நல்ல ஹைவேன்னா அதுல அடுக்கு அடுக்கா இருக்கும். அடில இறுக்கின மண்ணு, அது மேல கனமா ஜல்லி, கிராவல், அதுக்கு மேல தார் கலவை. லாரி சக்கரம் கொடுக்கிற அழுத்தத்தை இந்த அடுக்குங்க பரப்பி விட்டு, அடில மண்ணுக்கு போகும்போது அது தாங்குற அளவுக்கு குறைச்சுரும். ஹைவே 1, அதாவது நாட்டை குறுக்கால கடக்கிற டிரான்ஸ் கனடா, அப்புறம் ரெஜைனாவுல இருந்து சஸ்கட்டூன் போற 11, இதெல்லாம் இந்த ரகம். ஹைவே 1-ஐ சஸ்காச்சுவான் முழு நீளத்துக்கும் நாலு வழியா ஆக்கி முடிச்சதே 2008-லதான்.

கிராமத்து ஹைவே நிறைய அப்டி இல்ல. அங்க இன்னொரு ரகம் இருக்கு, தின் மெம்ப்ரேன் சர்ஃபேஸ்னு சொல்வாங்க, சுருக்கமா டிஎம்எஸ். பேரைப் பாத்து பெரிய டெக்னாலஜின்னு நினைச்சுராதீங்க. இருக்கிற மண் ரோட்டை சமன் பண்ணி இறுக்கி, அது மேல நேரடியா ஒரு இன்ச் சுமாருக்கு தார் கலவை, அவ்ளோதான், நடுவுல ஜல்லி அடுக்கே கிடையாது. தூசி பறக்கக் கூடாது, மழை பெஞ்சா சேறாகக் கூடாது, இதுதான் அதோட வேலை. எடை தாங்குறது முழுக்க அடில இருக்கிற மண்ணுதான். போன நூற்றாண்டு நடுவுல இருந்து கிராமம் கிராமமா இதை போட்டாங்க, ஏன்னா சீப், அன்னைக்கு அதுல போனது கார், பிக்கப், அறுவடைக் காலத்துல சின்ன லாரி, அவ்ளோதான். இதை தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை, அன்னைக்கு கையில இருந்த காசுக்கு ஆயிரக்கணக்கான கிமீ கிராமத்து ரோட்டை சேத்துல இருந்து தூக்கி விட்டுட்டாங்க. வேலை அன்னைய கணக்குக்கு சரி, கணக்குதான் அப்புறம் மாறிப் போச்சு.

இப்ப அந்த மண்ணு எப்டிப்பட்டதுன்னு பாக்கணும். பனியுகத்துல இந்த சமவெளி மேல பெரிய பனிப்பாளம் கிடந்துச்சு, அது உருகினப்ப அங்கங்க பெரிய ஏரிங்க உருவாச்சு, அந்த ஏரிகளோட அடில படிஞ்ச வண்டல்தான் இன்னைக்கு ரெஜைனாவைச் சுத்தி இருக்கிற களிமண். கோதுமைக்கு, கடுகு இனத்து கனோலாவுக்கு, பருப்புக்கு அருமையான மண்ணு. ரோட்டுக்கு எமன். நம்ம கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணைப் பாத்தவங்களுக்கு இதை சொல்லவே வேணாம், ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கி கை போற அளவுக்கு வெடிப்பு விடும், ரெண்டுலயும் இருக்கிற களி ஒரே இனம்தான். நனைஞ்சா இந்த ரெஜைனா களி ஷூவோட அடில ஒட்டி ஒட்டி ஒவ்வொரு அடிக்கும் உயரம் ஏறிட்டே போகும், கார் டயர்ல ஒட்டினா மட்கார்டுக்குள்ள அடைச்சு சக்கரமே சுத்தாது. உள்ளூர்ல இதை கம்போன்னு சொல்வாங்க.

கரிசல் காட்டுல இல்லாத ஒண்ணு இங்க இருக்கு, அதுதான் உறைபனி. கட்டுரையோட மெயின் மேட்டர் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவா போவோம்.

நவம்பர்ல குளிர் இறங்க ஆரம்பிச்சா மண்ணு மேல இருந்து கீழ உறைஞ்சுட்டே போகும். கடுமையான வருஷத்துல ரோட்டுக்கு அடில ரெண்டு மீட்டர் வரைக்கும்கூட உறைஞ்சு போகும் (ரோட்டுல பனியை வழிச்சு எடுத்துடறதால போர்வை இல்லாத மாதிரி, பக்கத்து வயலைவிட ரோட்டுக்கு அடில இன்னும் ஆழமா குளிர் இறங்கும்). தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், அதனாலதான் ரோடு தூக்கிக்குதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, ஆனா அது மட்டும்னா பெருசா ஒண்ணும் ஆகாது. நிஜ வில்லன் வேற. உறையுற அந்த எல்லைக்கோடு இருக்கே, அது கீழ உறையாம இருக்கிற மண்ணுல இருந்து ஈரத்தை மேல இழுக்கும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி. இழுத்த தண்ணி அங்க வந்து உறையும், மறுபடி இழுக்கும், மறுபடி உறையும், இப்டியே மாசக் கணக்குல நடந்து மண்ணுக்குள்ள பாளம் பாளமா சுத்தமான ஐஸ் உருவாகும். சில இடத்துல பேப்பர் கனம், சில இடத்துல விரல் கனம், இன்னும் மொத்தமாவும் வரும். ரோடு ஒரு இடத்துல மேல தூக்கிக்கும், பக்கத்துல தூக்காது, ஜனவரில ஓட்டும்போது அலை அலையா இருக்கிறது இதனாலதான்.

எல்லா மண்ணும் இப்டி இழுக்காது. மணல், கிராவல்ல இடைவெளி பெருசா இருக்கும், தண்ணி மேல ஏறாது. வண்டல் மாவு மாதிரி நைஸா இருக்கிற மண்ணுதான் ரொம்ப மோசம், வேகமாவும் இழுக்கும், நிறையவும் இழுக்கும். களி மெதுவா இழுக்கும், ஆனா விடாது. இப்ப புரியும் ஜல்லி அடுக்கோட அருமை, அது எடையை பரப்புறது ஒரு வேலை, தண்ணி மேல ஏறுற வழியை வெட்டி, வந்த தண்ணியை பக்கவாட்டுல வடிச்சு விடறது ரெண்டாவது வேலை. டிஎம்எஸ் ரோட்டுல அந்த அடுக்கே இல்ல.

சரி, உறைஞ்சாச்சு. உறைஞ்ச மண்ணு ஏறக்குறைய கான்க்ரீட் கெட்டிக்கு வந்துரும், அதனாலதான் குளிர்காலத்துல கூடுதல் எடை. நவம்பர் நடுவுல இருந்து மார்ச் வரைக்கும் சுமாரா, சாதாரணமா கம்மி எடை மட்டும் போகணும்னு இருக்கிற ஹைவேலகூட பெரிய ஹைவே அளவுக்கு லோடு விட்ருவாங்க. ஹைவே 42 ரிவர்ஹர்ஸ்ட் பக்கம் டீஃபன்பேக்கர் ஏரில முட்டி நிக்கும், பாலம் கிடையாது, வெயில் காலத்துல அரசாங்க ஃபெர்ரி காரை ஏத்திட்டு அக்கரை விடும், குளிர் காலத்துல ஏரி மேலேயே ரோடு போட்டு விட்ருவாங்க. குளிர் இந்த ஊருல ரோடு காண்ட்ராக்டர் மாதிரிதான் வேலை பாக்குது, பில் மட்டும் ஏப்ரல்ல வரும்.

அந்த பில் எப்டி வருதுன்னா, மார்ச் கடைசில வெயில் ஏறும், கறுப்பு தார் வெயிலை நல்லா வாங்கி சூடாகும், அதனால மண்ணு மேல இருந்து உருக ஆரம்பிக்கும். ஐஸ் பாளமெல்லாம் தண்ணியாகும். அந்த தண்ணி எங்க போகும்? கீழ இன்னும் ஒண்ணரை மீட்டருக்கு உறைஞ்சு கிடக்கு, போக முடியாது. பக்கவாட்டுல ரோட்டோரம் பனி குவிச்சு வச்சிருக்கிறதால அங்கயும் உறைஞ்சு கிடக்கு, போக முடியாது. மேல தார். ஆக நாலு பக்கமும் அடைச்ச தொட்டிக்குள்ள மண்ணு தண்ணியோட ஊறிட்டு கிடக்குது, அது மேல ஒரு இன்ச் தார் தோல். அந்த நேரத்துல நடந்து போயி ரோட்டைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, காஞ்சு நல்லாத்தான் இருக்கும். லாரி வரும்போது குனிஞ்சு பாருங்க, சக்கரத்துக்கு அடில ரோடு அமுங்கி, சக்கரம் தாண்டினதும் எழும்பும். ரெண்டு நாள் இப்டி அமுங்கி எழுந்தா முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்ன கட்டமா விரிசல் விடும், அந்த விரிசல் வழியா சேத்துத் தண்ணி மேல கக்கும், அடுத்த லாரி அந்த துண்டை பேத்து எடுத்துட்டு போயிரும். காலைல முழுசா இருந்த ரோடு சாயங்காலம் பள்ளமா இருக்கிறது இப்டித்தான்.

எடையோட கணக்கையும் இங்க சொல்லிரணும், ஏன்னா இது நம்ம உள்ளுணர்வுக்கு எட்டாத கணக்கு. 1958-ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஒட்டாவாங்கிற ஊர்ப்பக்கம் (கனடா தலைநகர் இல்ல, அதே பேருல இன்னொண்ணு) ரோடு துண்டு துண்டா விதவிதமா போட்டு, ராணுவ வீரர்களை வச்சு லாரியை ராப்பகலா சுத்த விட்டு டெஸ்ட் பண்ணாங்க, ஆஷோ ரோடு டெஸ்ட்னு பேரு. அதுல வந்த முடிவு, ஒரு ஆக்ஸில் (ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கிற அச்சு) மேல எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, சுமார் 16 மடங்கு. அதாவது எடையோட நாலாவது அடுக்கு (2 x 2 x 2 x 2). ஒரு காரோட ஆக்ஸில்ல முக்கால் டன், லாரி ஆக்ஸில்ல ஏழரை டன்னு வச்சுக்கங்க, எடை 10 மடங்கு, சேதம் 10,000 மடங்கு. ரஃப்பான விதிதான், மெல்லிசு ரோட்டுல இது அப்டியே பொருந்தும்னும் கிடையாது, ஆனா திசை தெளிவு, ரோட்டை உடைக்கிறது கார் கூட்டம் இல்ல, லோடு லாரி. அதனாலதான் ஸ்ப்ரிங்ல எடையை 10, 20 சதவீதம் குறைச்சாலே ரோட்டுக்கு அவ்ளோ பெரிய நிம்மதி. இந்த ஸ்ப்ரிங் கட்டுப்பாடு தென்மேற்குல முதல்ல ஆரம்பிச்சு, உருகுறதுக்கு ஏத்த மாதிரி மத்த பகுதிக்கு பரவும், ஒரு இடத்துல ஆறு வாரம் வரைக்கும் இருக்கும். விவசாயிக்கு இது எரிச்சல்தான், விதைப்புக்கு உரம் வரணும், குடோன்ல இருக்கிற தானியத்துக்கு விலை நல்லா இருக்கும், ஆனா லாரில முழு லோடு ஏத்த முடியாது.

இந்த ரோட்டுல இவ்ளோ பெரிய லாரி ஏன் வந்துச்சு? முன்னாடி ஏழெட்டு மைலுக்கு ஒரு ஊரு, ஊருக்கு ஒரு ரயில் ஸ்டேஷன், அதை ஒட்டி உயரமா மரத்துல கட்டின தானிய எலிவேட்டர் (தானியத்தை சேத்து வச்சு ரயில்ல ஏத்துற குடோன்), அதுல ஊரு பேரு பெருசா எழுதியிருக்கும். விவசாயி தன் சின்ன லாரில பக்கத்து ஊரு வரைக்கும் கொண்டு போனா போதும், மிச்சத்தை ரயில் பாத்துக்கும். ரயில் வாடகையை 1897-ல போட்ட க்ரோஸ் நெஸ்ட் ஒப்பந்தம் குறைவா கட்டிப் போட்டு வச்சிருந்துச்சு, பின்னாடி அது மானியமா மாறிச்சு, 1995-ல அந்த மானியமும் நின்னு போச்சு. கிளை ரயில் பாதைங்க ஒவ்வொண்ணா மூடினாங்க, மர எலிவேட்டரை எல்லாம் இடிச்சாங்க, அதுக்கு பதிலா மெயின் லைன் ஓரம் அங்கங்க பிரம்மாண்டமா கான்க்ரீட் டெர்மினல் வந்துச்சு. ஏழெட்டு மைல்ல முடிஞ்ச பயணம் ஐம்பது, அறுபது மைல்னு நீண்டுச்சு, அவ்ளோ தூரம் சின்ன லாரில போனா கட்டுப்படி ஆகாதுன்னு சூப்பர் பி வந்துச்சு, ஒரு இன்ஜின் ரெண்டு டிரெய்லர் எட்டு ஆக்ஸில், லோடோட சேர்த்து 62, 63 டன். ரயில் மேல இருந்த எடை அப்டியே ரோட்டுக்கு இறங்கிருச்சு, அதுவும் தூசி அடக்குறதுக்குன்னு போட்ட ரோட்டுக்கு. என்னைக் கேட்டா இந்த மாகாணத்து பள்ளத்துல பாதியை ரயில்வே கணக்குல எழுதணும், ஆனா அந்த பில் யாரும் அங்க அனுப்புறதில்ல.

இப்ப பராமரிப்பு. இது வரைக்கும் படிச்சிருந்தா நீங்களே யூகிச்சிருப்பீங்க, மொத்த வேலையும் ரெண்டே விஷயம், தண்ணியை உள்ள விடாம பாக்கிறது, விட்ட தண்ணியை வெளிய அனுப்புறது.

முதல்ல விரிசல். தார் குளிர்ல சுருங்கும், மைனஸ் 40-ல ரொம்பவே சுருங்கும், ஆனா நீளமான ரோடு சுருங்க இடம் ஏது, அதனால குறுக்கால வெடிக்கும், அதுவும் ஒரு இடைவெளி விட்டு வரிசையா. ஹைவேல போகும்போது டடக், டடக்னு சீரா ஒரு சத்தம் கேட்டுட்டே வரும்ல, அது இதுதான். இந்த விரிசலுக்குள்ள சூடான காத்தை அடிச்சு ஈரம், தூசி எல்லாம் வெளியேத்திட்டு, ரப்பர் கலந்த தாரை கொதிக்கக் கொதிக்க ஊத்தி அடைப்பாங்க, ரோட்டுக்கு குறுக்கால பளபளன்னு கறுப்புக் கோடா நெளிஞ்சு கிடக்கும். பாக்க அசிங்கம், ஆனா பராமரிப்புல காசுக்கு இவ்ளோ பலன் தர்ற வேலை வேற கிடையாதுன்னு சொல்லலாம், விரிசல் வழியா இறங்குற தண்ணிதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

அடுத்தது சீல் கோட். பழைய ரோடு மேல தார் எமல்ஷனை ஸ்ப்ரே பண்ணி, அது ஒட்டுற பதத்துல இருக்கும்போதே பின்னாடியே வர்ற வண்டி சின்ன ஜல்லியை தூவிட்டு போகும், டயர் ரோலர் அமுக்கும், அப்புறம் ஒட்டாத ஜல்லியை பிரஷ் வண்டி வந்து கூட்டித் தள்ளும். இது ரோட்டுக்கு பலம் எதுவும் குடுக்காது, இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, வெறும் மழைக்கோட்டுதான், ஆனா தண்ணியும் வெயிலும் உள்ள போகாம பாத்துக்கும், டயருக்கு பிடிப்பும் கிடைக்கும். கூட்டுறதுக்கு முன்னாடி வேகமா எதிர்ல ஒருத்தன் வந்தான்னா உங்க விண்ட்ஷீல்டு காலி. இந்த மாகாணத்துல கண்ணாடில ஒரு கீறலாவது இல்லாத காரை தேடித்தான் பிடிக்கணும், என் கார் கண்ணாடில இருக்கிற கோடு ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துட்டே போகுது, மாத்தினா அடுத்த ஜூலைல புதுசு ஒண்ணு விழும்னு தெரியும், அதனால மாத்தல.

மூணாவது ரோட்டோர பள்ளம், அதாவது டிச். ரெண்டு பக்கமும் அகலமா சரிவா வெட்டியிருப்பாங்க, ரோடு வயலைவிட நல்லா உயரமா இருக்கும். உயரம் எதுக்குன்னா ரெண்டு லாபம், தண்ணி மட்டத்துல இருந்து ரோடு விலகி இருக்கும், குளிர்காலத்துல காத்து ரோடு மேல இருக்கிற பனியை தானே அடிச்சுட்டு போயிரும். ரோட்டுக்கு அடில குறுக்கால கல்வெர்ட் குழாய் இருக்கும், ஸ்ப்ரிங்ல பிரச்சனை என்னன்னா வயல்ல பனி உருகி தண்ணி வந்துரும், ஆனா குழாய்க்குள்ள இன்னும் ஐஸ் அடைச்சு கிடக்கும், தண்ணி ஒரு பக்கம் தேங்கி ரோட்டையே தாண்டி ஓடி அறுத்துட்டு போயிரும். அதனால பாய்லர் வச்ச வண்டில வந்து நீளமான பைப்பை கல்வெர்ட்டுக்குள்ள விட்டு நீராவி அடிச்சு அடைப்பை கரைப்பாங்க, பாதி நாள் ஒரே குழாய்லயே போகும், முழங்கால் வரைக்கும் ஐஸ் தண்ணி. குழாயை அடைக்கிறதுல குச்சியும் சேறும் வச்சு அணை கட்டுற பீவர்ங்கிற பிராணியும் கில்லாடி, இன்னைக்கு எடுத்தா நாளைக்கு மறுபடி கட்டி வச்சிருக்கும். தண்ணிக்கு வெளிய போக வழியே இல்லாத இடமும் உண்டு. குவில் ஏரிகள்னு இருக்கு, அதுக்கு வடிகாலே கிடையாது, மழை அதிகமான வருஷங்கள்ல தண்ணி ஏறிட்டே போயி சுத்தி இருந்த வயல், கிரிட் ரோடெல்லாம் முழுகிப் போச்சு, ஹைவேயையே உயர்த்த வேண்டி வந்துச்சு.

அந்த டிச்சுல வளர்ற புல்லு கூட வீணாகாது. பக்கத்து நிலத்துக்காரருக்கு ஜூலை 8 வரைக்கும் முதல் உரிமை, அதுக்குள்ள அவர் அறுக்க ஆரம்பிக்கலைன்னா யார் வேணா மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துக்கலாம், காசு கிடையாது. அரசாங்கத்துக்கு புல்லு வெட்டுற செலவு மிச்சம், மான் ரோட்டுக்கு குறுக்க வந்தா முன்னாடியே கண்ணுல படும். எனக்கு ரொம்ப பிடிச்ச ரூல் இது.

கிராவல் ரோடு தனி கலை, அதுக்கு ராஜா கிரேடர் (நீளமான பிளேடால ரோட்டை சீவி சமன் பண்ற வண்டி) ஆபரேட்டர். பெரும்பாலும் அது கிராம நிர்வாகத்தோட வேலை, அப்டி 296 கிராம நிர்வாகம் இருக்கு, அங்கெல்லாம் கிரேடர் ஓடிட்டே இருக்கும். கிராவல் ரோட்டுல வண்டி ஓட ஓட நடு மேடு தட்டையாகும், ஜல்லி ஓரத்துக்கு ஒதுங்கும், அப்புறம் குறுக்கால வரி வரியா வாஷ்போர்டு வரும், அதுல 80-ல போனா பல்லு கிட்டிக்கும். நல்ல ஆபரேட்டர் ஓரத்து ஜல்லியை இழுத்து நடுவுல கொண்டு வந்து, ரெண்டு பக்கமும் சரிவு வர்ற மாதிரி விரிச்சு விடுவார், மேலோட்டமா சீவாம வரியோட அடிவரைக்கும் வெட்டி எடுப்பார், இல்லன்னா ஒரே வாரத்துல அதே வரி திரும்ப வந்துரும். மழை பெஞ்சு லேசா ஈரம் இருக்கும்போது செஞ்சாத்தான் இறுகும், காஞ்ச ரோட்டுல கிரேடர் விட்டா தூசியைத்தான் இடம் மாத்தினதாகும்.

பனி தள்ளுறதைப் பத்தி வேகமா சொல்லிட்டு போயிர்றேன், ஏன்னா எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. லாரி முன்னாடி பெரிய பிளேடு, சிலதுல பக்கவாட்டுலயும் ஒரு இறக்கை பிளேடு, போக்குவரத்து அதிகமா இருக்கிற ரோடு முதல்ல, கிராமத்து ரோடு கடைசில. உப்பு போட்டா பனி கரையும்ங்கிறது பாதி உண்மை, மைனஸ் 10 தாண்டினா உப்பு சோம்பேறியாகும், மைனஸ் 20-ல கிட்டத்தட்ட வேலையே செய்யாது, அப்ப மணல்தான். நல்ல குளிர், நல்ல காத்துன்னா உப்பு போடாம விடறதே நல்லது, காஞ்ச பனி ரோட்டை உரசிட்டு அப்டியே பறந்து போயிரும், உப்பு போட்டு ஈரமாக்கினா பறந்து வர்ற பனியெல்லாம் அதுல ஒட்டி ஐஸாயிரும். ரோட்டுல உப்பு தெளிக்கலைன்னு திட்டுறவங்க இதை தெரிஞ்சுக்கணும். மரம் நட்டா காத்தைத் தடுக்கும்ங்கிறதும் உண்மை, 1901-ல இருந்து 2013 வரைக்கும் இண்டியன் ஹெட்ங்கிற ஊர்ல மத்திய அரசு நர்சரி நடத்தி விவசாயிங்களுக்கு காத்துத் தடுப்பு மரக்கன்னு குடுத்துச்சு, ஆனா மர வரிசையை ரோட்டை ஒட்டி வச்சா அது பனியை சரியா ரோடு மேலயே கொட்டும், தள்ளி வைக்கணும்.

கடைசியா அந்த சண்டை. உடைஞ்ச டிஎம்எஸ் ரோட்டை என்ன பண்றது? நியாயமான வழி, தோண்டி, ஜல்லி அடுக்கு போட்டு, புதுசா தார் போடறது, ஆனா ஒரு நாளைக்கு 100, 150 வண்டி போற ரோட்டுக்கு அவ்ளோ செலவு பண்ண மாகாணத்துல காசு இல்ல, அப்டி ரோடு ஒண்ணு ரெண்டு இல்ல. பேட்ச் வொர்க் பண்ணிட்டே இருக்கலாம், ஆனா மண்ணு மேல ஒட்டின ஒட்டு அடுத்த ஸ்ப்ரிங்ல பேந்துரும். மூணாவது வழிதான் எல்லாரையும் கொதிக்க வைக்கிறது, தாரை உழுது மண்ணோட கலந்து, மேல ஜல்லி கொட்டி கிராவல் ரோடா மாத்திர்றது. இன்ஜினியர் பக்கம் ஞாயம் இருக்கு, கிராவல் ரோட்டுல பள்ளம் விழுந்தா ஒரு தடவை கிரேடர் ஓட்டினா சரி, உடைஞ்ச தார் ரோட்டை கிரேடரால ஒண்ணும் பண்ண முடியாது, கூரான விளிம்போட இருக்கிற பள்ளம் கிராவலைவிட ஆபத்து. ஊர்க்காரங்க பக்கமும் ஞாயம் இருக்கு, எங்க அப்பா காலத்துல தார் வந்துச்சு, என் காலத்துல அது போகுதா, ஆம்புலன்ஸ் எப்டி வரும், ஸ்கூல் பஸ் பின்னாடி தூசில எதிர் வண்டி எப்டி தெரியும், தார் இல்லாத ஊருக்கு எவன் கடை போட வருவான். ஹைவே 32-ல லீடர்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊர்க்காரங்க 2000-கள்ல ரோடு பள்ளத்துக்குள்ள ஆடையில்லாம (மறைக்க வேண்டியதை மறைச்சுத்தான்) போஸ் குடுத்து ஒரு காலண்டரே போட்டு வித்தாங்க, நாடு பூரா நியூஸ் ஆச்சு. மனு எழுதி அலுத்துப் போன ஜனம் வேற என்ன பண்ணும்.

என் கருத்து என்னன்னா லாரி எங்க போகணுங்கிறதை முடிவு பண்ணாம ரோட்டை மட்டும் சரி பண்றதுல அர்த்தம் இல்ல. கொஞ்ச ரோட்டை நல்லா கனமா போட்டு சூப்பர் பி எல்லாம் அது வழியாத்தான்னு ஒதுக்கிட்டா, மிச்ச டிஎம்எஸ் ரோடுங்க காரும் பிக்கப்பும் மட்டும் போனா இன்னும் பல வருஷம் தாங்கும், அதுக்குத்தானே அதை போட்டாங்க. ஆனா எந்த ஊரு ரோடு கனமாகும், எது அப்டியே விடப்படும்னு சொல்ற தைரியம் எலெக்‌ஷன்ல நிக்கிறவங்களுக்கு வர்றது கஷ்டம்.

நீங்க அந்தப் பக்கம் வண்டி ஓட்டுற மாதிரி இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி மாகாணத்தோட ஹைவே ஹாட்லைன் மேப்பை பாத்துருங்க, எந்த ரோடு ஐஸ், எது மூடியிருக்குன்னு அதுல இருக்கும், பயணம் வேண்டாம்னு போட்டிருந்தா உண்மையிலயே வேண்டாம். ரோட்டு வேலை நடக்கிற இடத்துலயும், லைட் போட்டுட்டு நிக்கிற ஹைவே வண்டியைத் தாண்டும்போதும் ஸ்பீடு 60, அதுக்கு மேல போனா ஃபைன் ரொம்ப பெருசு. சீல் கோட் ஜல்லி போட்டிருக்கிற இடம்னா 60-ஐவிட கம்மியாவே போங்க, எதிர்ல வர்றவன் கண்ணாடியும் மிஞ்சும்.